ஆத்தூர் டைப்பம்மா

நியாயஸ்தலங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் நீதிபதிகளைப் பற்றி விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். பேர்போன வக்கீல்களின் வாதத் திறமையைப் பற்றியும், குறுக்கு விசாரணையில் சாட்சிகளைத் திணறடித்த அவர்களுடைய சாமர்த்தியத்தைப் பற்றியும் சுவைபடச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வழக்கு என்று ஒன்று உருவாவதற்கு முன்னால், கண்ணீரும் கோபமுமாக வந்து நிற்கும் கட்சிக்காரரின் பேச்சைக் கேட்டு, அதில் தேதி எது, தொகை எது, எல்லை எது என்று பிரித்தெடுத்து, காகிதத்தில் இறக்கி, நகல் எடுத்து, ஊசி நூலால் தைத்து, முத்திரை வில்லை ஒட்டி, வாய்தாத் தேதியை டயரியில் குறித்துவைக்கும் வக்கீல் குமாஸ்தாவைப் பற்றி யாரும் ஒரு பக்கம் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தக் குமாஸ்தா ஒரு பெண்ணாகவும், பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாயாகவும், ஆத்தூர் போன்ற ஒரு சிற்றூரிலிருந்து தினந்தோறும் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய்வந்தவளாகவும் இருந்துவிட்டால், அவளை நினைக்க அவள் வயிற்றில் பிறந்தவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? ஆகையால் என் தாயாரைப் பற்றி நானே எழுதுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், முள்ளக்காடும் பழையகாயலும் முக்காணியும் தாண்டி, தாமிரபரணிப் பாலத்தைக் கடந்தால் ஆத்தூர். பொதிகையில் பிறந்து வரும் ஆறு, எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு சென்று, சற்றுத் தூரத்தில் புன்னக்காயலில் கடலோடு சேர்ந்துவிடுகிறது. ஒரு பக்கம் சோமநாத சுவாமி கோயிலும், அகத்தியின் நிழலில் படர்ந்த வெற்றிலைக் கொடிக்கால்களும். மறு பக்கம் உப்பளங்களும், முத்தும் சங்கும் குளித்த கடலும். இந்த வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடிற்று. கொடிக்காலில் கூலிக்குக் கிள்ளுகிறவர்கள், கவுளி கவுளியாக அடுக்குகிறவர்கள், உப்பளத்தில் வாருகிறவர்கள், படகில் போனவன் திரும்பி வருவானா என்று கரையில் நிற்கிறவர்கள், இவர்கள்தாம் அம்மாவைத் தேடி வந்த ஜனங்கள். அவர்களுக்கு அம்மாவின் பெயர் தெரியாது. ‘டைப்பம்மா’ என்றால் தெரியும்.

பள்ளியிறுதி வகுப்போடு படிப்பு நின்று, மணமாகி, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிறகே அம்மா தட்டச்சுப் பழகினாள். என் தகப்பனார் சாகுபுரம் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் வேலை பார்த்தவர், அதிகம் பேசாதவர். ‘நீ படி, பிள்ளைகளை நான் பாத்துக்கிடுதேன்’ என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அம்மா ஆயுள் முழுவதும் நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தாள். இரவு ஷிப்டு முடிந்து வந்த மனிதர் உறங்காமல் எங்களுக்குத் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியதும், அம்மா ஆறுமுகநேரிக்கு நடந்து போய் ஆங்கில லோயர், ஹையர், பிறகு தமிழ் என்று பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தேறியதும் எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தவை. ‘கோர்ட்டுக்குப் போற பொம்பளை’ என்று உறவினர் சிலர் பேசாமலில்லை. அந்தப் பேச்சைத் தன் காதில் விழும்படியே பேசச் சொல்லி, நேரில் போய் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டு வந்தாள் அம்மா. அத்துடன் அது ஓய்ந்தது.

தமிழ்த் தட்டச்சில் அவளுக்கு இருந்த அபிமானம் தனி. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குச் சென்ற ஆர். முத்தையா என்பவர், தமிழின் இத்தனை எழுத்துக்களையும் ஒரு சிறு விசைப்பலகைக்குள் அடக்குவதற்காகப் பட்ட பிரயாசையை அவள் கதைபோலச் சொல்லுவாள். அந்த யந்திரத்தில் மெய்யெழுத்தின் புள்ளிக்கென்று நகரா விசை ஒன்று உண்டு. அதைத் தட்டினால் காகிதம் நகராது. ஆகவே ‘க்’ என்று அடிக்க வேண்டுமானால் புள்ளியை முதலில் வைத்துவிட்டு, அதன்கீழ் எழுத்தை அடிக்க வேண்டும். கையால் எழுதும்போது எழுத்துக்குப் பின் வருகிற புள்ளி இங்கே எழுத்துக்கு முன் வந்துவிடுவதால், விரல் தட்டுவதற்குள் மனம் சொல்லை முழுவதும் படித்து முடித்திருக்க வேண்டும். நான்கு கார்பன் படிகளோடு அடிக்கும்போது ஒரு பிழை நேர்ந்தால் ஐந்து காகிதத்திலும் தனித்தனியே ரப்பர் போட்டுத் தேய்த்துத் திருத்தி, திருத்திய இடந்தோறும் ஓரத்தில் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். அம்மாவின் காகிதங்களில் ஓரம் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். வெற்றிலைப் பிரியையான அவள் அலுவலகத்தில் ஒரு நாளும் வெற்றிலை போட்டதில்லை. செந்நிற விரல் பிராதில் படக்கூடாதென்பது அவள் விரதம். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்த பிறகே மடியிலிருந்து ஆத்தூர் வெற்றிலை வெளியே வரும்.

அவள் தூத்துக்குடியில் வக்கீல் ஐயா ஒருவரிடம் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கீழ்க்கோர்ட்டு நடவடிக்கைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே நடந்துவந்தது. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் ஏட்டில் இருந்தபோதிலும், எழுபதுகளின் நடுவில் அது திருத்தப்பட்ட பிறகே தமிழ் கீழ்க்கோர்ட்டுகளில் காலூன்றத் தொடங்கிற்று. இதன் பொருள் என்ன? தன் நிலத்தைப் பற்றியும் தன் புருஷனைப் பற்றியும் தான் சொன்னதாக எழுதப்பட்ட காகிதத்தில், தனக்கு ஓர் எழுத்துங்கூடத் தெரியாத பாஷையில், ஒரு பெண் இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டுப் போனாள் என்பதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் அதைப் படித்துக் காட்டி விளக்கிச் சொன்ன பிறகே கைரேகை வாங்கவேண்டுமென்று விதி இருக்கிறது. படித்துக் காட்டியதாக அடியில் ஒரு வாசகமும் அச்சடித்தாற்போல் இருக்கும். எத்தனை அலுவலகங்களில் அந்த வாசகம் உண்மையாக இருந்ததென்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும். அம்மாவின் மேஜையில் அது உண்மையாக இருந்தது. அவள் வாழ்க்கையின் சாரம் என்று நான் எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்லுவேன்.

ஒரு சம்பவம். நான் கல்லூரியில் படித்த சமயம். விடுமுறை நாளொன்றில் அம்மாவோடு அலுவலகத்தில் இருந்தேன். கடலோரக் கிராமத்திலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தாள். சொந்த வீட்டையும் பின்னாலிருந்த காலி மனையையும் வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவரிடம் வைத்துப் பணம் வாங்கியிருந்தாள். பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அது கிரயம் ஆகிவிட்டதென்று அந்த மனிதர் சொல்லிவிட்டார். ஜூனியர் வக்கீல் தம்பி ஒருவர் அவசர அவசரமாகப் பிராது எழுதிக் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அம்மா அடித்து முடித்து, மைப்பெட்டியைத் திறப்பதற்கு முன், வழக்கம்போல ஆச்சியை எதிரில் உட்காரவைத்து முதல் வரியிலிருந்து நிறுத்தி நிறுத்திப் படித்தாள். நான்காவது பாராவில், ‘வாதி மேற்படி சொத்தைப் பிரதிவாதிக்குக் கிரயம் செய்து, பின்னர் திரும்பப் பெறுவதாக வாய்மொழியாகப் பேசிக்கொண்டு’ என்று வந்ததும் ஆச்சி கையை உயர்த்தினாள்.

‘நான் வித்தேன்னு சொல்லலியே தாயி. ஒத்திக்கு வச்சேன்னுல்லா சொன்னேன். அந்தப் பத்திரத்துலயே திருப்பித் தாறதா எழுதியிருக்குன்னு எம் மவன் சொன்னானே.’

அம்மா கட்டைப் பிரித்து மூலப்பத்திரத்தின் நகலை எடுத்தாள். மூன்றாம் பக்கத்தின் அடியில், தொகையைத் திருப்பிச் செலுத்தினால் சொத்தைத் திரும்ப எழுதிக் கொடுப்பதென்ற ஷரத்து இருந்தது. சட்டம் தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் 1929-இல் ஒரு திருத்தம் செய்தார்கள். கிரயத்தின் ரூபத்தில் இருக்கும் பத்திரத்தை அடமானமென்று வாதிக்க வேண்டுமானால், திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை அதே பத்திரத்திற்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். தனிக் காகிதத்தில் இருந்தாலும் வாய்ப்பேச்சில் இருந்தாலும் பயனில்லை. ஆச்சிக்குச் சாதகமான அந்த ஷரத்து பத்திரத்திற்குள்ளேயே இருக்கும்போது, அவள் தரப்புப் பிராதே ‘கிரயம்’ என்றும் ‘வாய்மொழி’ என்றும் சொல்லிவிட்டால், எதிரி வக்கீல் வேறு சாட்சி தேட வேண்டிய அவசியமே இல்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை. ஐந்து படிகளையும் குறுக்கே கிழித்தாள். வக்கீல் ஐயா கோர்ட்டிலிருந்து திரும்பும் வரை ஆச்சியை உட்காரவைத்து, அவரிடம் ஷரத்தைக் காட்டி, அவர் சொல்லச் சொல்லப் புதிதாக அடித்து, மறுபடியும் முதலிலிருந்து படித்துக் காட்டினாள். கடைசி பஸ்ஸுக்குத்தான் நாங்கள் ஆத்தூர் வந்து சேர்ந்தோம். வக்கீல் ஐயா பெருந்தன்மையுள்ளவர். ‘இனிமே அந்த அம்மா படிச்சுக் காட்டாம இந்த ஆபீஸ்ல ஒரு காகிதத்துலயும் ரேகை விழக்கூடாது’ என்று ஜூனியர்களிடம் சொன்னார். வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, அடமானமென்றே தீர்ப்பாகி, ஆச்சியின் மகன் பணத்தைக் கட்டி வீட்டை மீட்டான்.

அம்மா தன் சுபாவத்தினால் செய்த இதுவே, பெரிய நீதிமன்றங்கள் வெகு காலமாகச் சொல்லிவந்த நியாயமாகவும் இருந்தது. திரைமறைவில் வாழும் கோஷாப் பெண் ஒருத்தி கையெழுத்திட்ட பத்திரத்தின்மேல் உரிமை கொண்டாடுகிறவர், அது அவளுக்கு விளக்கப்பட்டு அவள் புரிந்துகொண்டே செய்தாள் என்பதைத் தாமே நிரூபிக்க வேண்டுமென்று 1925-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வற்புறுத்திற்று. சுதந்திரத்துக்குப் பின் நமது உச்ச நீதிமன்றமும் கர்பூஜா குவேர் வழக்கில் அதையே உறுதி செய்தது. எழுத்தறியாத பெண்களுக்கும் நமது கோர்ட்டுகள் அந்தப் பாதுகாப்பை நீட்டியிருக்கின்றன. இப்படிப்பட்ட பெண்களுக்காகவே ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்த கார்னிலியா சொராப்ஜி, 1904 முதல் வங்காளத்துக் கோர்ட் ஆப் வார்ட்ஸில் பணியேற்று, அந்தப்புரம் அந்தப்புரமாகப் போய்ப் பேச்சைக் கேட்டு எழுதினார். அவருக்கு அப்போது கோர்ட்டில் நின்று வாதாடும் உரிமை கிடையாது. பெண் என்பது வக்கீல் தொழிலுக்குத் தடையாகாதென்று சட்டம் வந்தது 1923-இல்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் பத்மினி ஜேசுதுரை முதல் பெண் நீதிபதியாக அமர்ந்தது 1986-இல். அந்தச் செய்தி வந்த பத்திரிகையை அம்மா கத்தரித்து வாய்தா டயரியின் அட்டைக்குள் வைத்திருந்தாள்.

குமாஸ்தா வேலையை இழிவாகப் பேசுகிறவர்களிடம் அம்மா வ.உ.சி.யைப் பற்றிச் சொல்லுவாள். ஒட்டப்பிடாரத்து வக்கீல் உலகநாத பிள்ளையின் குமாரரான அவர், பிளீடர் ஆவதற்கு முன் தாலுகா கச்சேரியில் சில காலம் குமாஸ்தாவாக இருந்தவர் என்பது அவளுக்குப் பெருமை. ஏழைகளின் வழக்குகளை அவர் எடுத்து நடத்தியதும், 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியதும், 1908 மார்ச்சு 12-ஆம் தேதி கைதானதும், ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்குக் கொடுந்தண்டனை விதித்ததும் யாவரும் அறிந்தவை. அம்மாவின் மனத்தைத் தொட்டது அதற்குப் பிந்திய கதை. சிறை மீண்ட பிறகு அவரிடம் வக்கீல் சன்னது இல்லை, தொழில் செய்ய வழியில்லை, வறுமை. பிற்காலத்தில் அந்தச் சன்னது திரும்பக் கிடைக்க உதவிய நீதிபதி வாலஸின் பெயரை நினைவுகூர்ந்து, தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ‘சன்னது இல்லேன்னா வக்கீல் வக்கீல் இல்ல, ஆனா எழுதத் தெரிஞ்சவன் எங்கயும் குமாஸ்தாதான்’ என்பாள் அம்மா.

சங்கு குளிப்பவர்களின் குடும்பங்கள் அடிக்கடி வரும். முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோயிருந்தாலும் சங்கு நின்றபாடில்லை. பாக் விரிகுடாவின் அடியில் கிடக்கும் சங்குக்கு உடைமை உண்டா, அதை எடுத்துப் போனால் திருட்டாகுமா என்ற கேள்வி, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்னக்குமாரு பிள்ளை – முத்துப்பயல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போய், ஆகுமென்று முடிவாயிற்று. வக்கீல் ஐயா இதை ரசித்துச் சொல்லும்போதெல்லாம் அம்மா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘சங்குக்கு உரிமைக்காரன் யாருன்னு ஐகோர்ட்டு சொல்லிட்டு. முங்கினவன் வரலன்னா அவன் பொண்டாட்டிக்கு உரிமைக்காரன் யாருங்க?’

ஜீவனாம்ச மனுக்களில் அம்மாவின் கவனம் இன்னும் கூர்மையாக இருக்கும். மாதம் 100 ரூபாய்க்குமேல் கிடையாதென்றிருந்த உச்சவரம்பை 1955-இல் 500 ஆக்கினார்கள். அது விலைவாசி எங்கேயோ போன பிறகும், 2001 வரை அப்படியே நின்றது. அந்த ஐந்நூறையுங்கூட நம் பெண்கள் கேட்கத் தயங்கினார்கள். உப்பளத்தில் காலெல்லாம் வெடித்த பெண் வந்து, ‘எனக்கென்ன செலவு, இருநூறு போதும்’ என்பாள். அம்மா காகிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அரிசி எத்தனை படி, மண்ணெண்ணெய் எத்தனை லிட்டர், பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், தலைக்கு எண்ணெய், காய்ச்சல் வந்தால் டாக்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக் கூட்டிக் காட்டுவாள். தன் உயிர் வாழ்க்கைக்கு இவ்வளவு ஆகிறதென்பதை அந்தப் பெண் முதல் தடவையாக அப்போதுதான் அறிவாள். கூச்சம் அவர்களுக்கு எதிரியைக் காட்டிலும் பெரிய எதிரி என்று அம்மா கண்டிருந்தாள்.

1989-இல் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பங்கு வந்தது. ஆயினும் அவ்வாண்டு மார்ச்சு 25-க்கு முன் மணமானவளுக்கு அது கிடையாது. ஒரே கொடிக்காலில் வளர்ந்த அக்காளுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு. அந்தத் தேதிக்கு முன்னால் மணம் முடித்த பெண்கள் அலுவலகத்துக்கு வந்து, தாங்கள் செய்த பாபம் என்னவென்று கேட்டபோது அம்மாவிடம் பதில் இல்லை. நானும் அவர்களில் ஒருத்தி. 2005-இல் மத்திய சட்டம் அந்தக் கோட்டை அழிக்கும்வரை, ‘தேதி போட்டு நியாயம் வைக்கிறான் பாரு’ என்ற அவள் கோபம் ஆறவே இல்லை.

வீட்டில் அவள் எப்படி என்று கேட்பவர்களுக்கு: கலகலப்பானவள். சம்பள நாளில் தூத்துக்குடி மக்ரூன் பொட்டலம் வரும். இரவுச் சாப்பாட்டின்போது நாங்கள் மூவரும் மாறி மாறிச் செய்தித்தாளை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும், ‘இப்ப பேப்பரை மூடிட்டுச் சொல்லு, என்ன நடந்துச்சு?’ என்பாள். விழுங்கி விழுங்கிச் சொன்னால், ‘உனக்கே புரியாததை எனக்கு ஏன் வாசிச்ச?’ என்று மறுபடி வாசிக்கச் சொல்லுவாள். தம்பிமார் இருவரும் அதற்குப் பயந்து முன்கூட்டியே படித்துவைத்துக் கொள்வார்கள். பாட்டு வரும்; கோபம் வரும்; இரண்டும் ஒரே மூச்சில் வரும்.

ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த காலத்தில் 2023 டிசம்பர் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த அந்த மழையில், தாமிரபரணி கரைமீறி ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் சுற்றுப்புறங்களைச் சூழ்ந்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஜனங்கள் முதலில் தேடியது சோறு; அடுத்தபடியாகத் தேடியது காகிதம். டிரங்குப் பெட்டியில் பத்திரமாயிருந்த பத்திரங்களும் பட்டாக்களும், ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழ்களும் சேற்றில் ஒட்டிக் கூழாகியிருந்தன. எழுபது கடந்த அம்மா திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தட்டச்சு யந்திரமும் நீரில் மூழ்கி விசைகள் இறுகிவிட்டதால் கையாலேயே எழுதினாள். எந்தப் பத்திரத்துக்குச் சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகல் கேட்பது, எதற்குத் தாசில்தாரிடம் போவது, பதிவெண் மறந்துபோனவர் வில்லங்கச் சான்றின் மூலம் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிச் சொல்லி விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. எழுதிய ஒவ்வொன்றையும் படித்துக் காட்டினாள். வரிசையில் நின்ற ஓர் இளைஞன், ‘எனக்குப் படிக்கத் தெரியும் ஆச்சி, குடுங்க’ என்று கையை நீட்ட, ‘தெரியும்லா? அப்ப நீயே சத்தமா வாசி, நான் கேக்கேன்’ என்றாள். அவன் வாசிக்கும்போது சர்வே எண் தவறாக இருப்பதை அவனே கண்டான்.

அடுத்த கோடையில் உடல் தளர்ந்ததும், தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டை எங்கள் மூவருக்கும் சமபாகமாக எழுதிவைக்கத் தீர்மானித்தாள். வாசகத்தைத் தானே சொல்ல, பேரன் கம்ப்யூட்டரில் அடித்தான். பதிவுக்குப் போன அன்று சார்பதிவாளர், அவள் யாரென்று அறிந்தவராதலால், மரியாதையோடு எழுந்து, ‘உங்களுக்குத் தெரியாததா அம்மா, கையெழுத்துப் போடுங்க’ என்றார். அம்மா பேனாவைத் தொடவில்லை. ‘எழுதும்போது நான் குமாஸ்தா. இப்ப கட்சிக்காரி. வாசிக்கச் சொல்லுங்க சார்’ என்றாள். அங்கிருந்த எழுத்தர் பெண் எழுந்து நின்று வாசித்தாள். சொத்து விவரத்தில், வடக்கு எல்லை பொதுப்பாதை என்பதற்குப் பதிலாகத் தெற்கு எல்லை பொதுப்பாதை என்று மாறியிருந்தது. பேரன் தலையைக் குனிந்தான். ‘திரும்ப அடிச்சிட்டு வா’ என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, எங்களை அழைத்துக்கொண்டு அம்மா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அந்தப் பத்திரம் மறு வாரம் பதிவாயிற்று.